மின்காந்தத் துடிப்புக்குப் பிறகும் விளையாட: செட்டிநாட்டு வீட்டுக்கு ஏற்ற நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அணுகுண்டு வெடிப்பில் பிறந்து மின்னணுக் கருவிகளைக் கெடுக்கக்கூடிய மின்காந்தத் துடிப்பு ஒன்று தாக்கினால் வீட்டிலுள்ள கணினி, கேம் கன்சோல், ரேடியோ, சால்டரிங் மேசை ஆகியவற்றில் எது பிழைக்கும் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் புறநகர் வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிலவறையும் பெட்ரோல் ஜெனரேட்டரும் கார் கொட்டகையும் உள்ள வீடு அது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ முற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு பழைய வளவு வீட்டின் அறையில், அல்லது புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில், அளவான பணத்தோடு இந்தப் பொழுதுபோக்கை நடத்துகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

அவர் முன்னால் நான்கு வழிகள் உள்ளன. இப்போதுள்ள கருவிகளை அப்படியே உலோகப் பெட்டிக்குள் வைத்துக் காப்பது ஒன்று. துடிப்பை ஓரளவு இயல்பாகவே தாங்கக்கூடிய பழைய கருவிகளுக்குத் திரும்புவது மற்றொன்று. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கருவிகளைத் தேர்ந்து, அவற்றுக்கு வேண்டிய சூரிய மின்சாரத்தையும் சேர்த்து ஒரு தனித் தொகுப்பாக வைப்பது மூன்றாவது. மின்சாரமே வேண்டாத விளையாட்டுகளோடு நின்றுவிடுவது நான்காவது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வழியே பெரும்பாலோருக்கு உகந்தது; அதிலும் பெட்டிக்குள் முதலில் போகவேண்டியது விளையாட்டுக் கருவி அன்று, சோலார் பேனலையும் பேட்டரியையும் இணைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். அதற்கான காரணத்தைச் சொல்ல, ஆபத்து எந்தெந்த வடிவில் வருகிறது, எதன் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அணுகுண்டு ஒன்று வளிமண்டலத்துக்கு மேலே வெடித்தால், கீழ்நோக்கிப் பாயும் காமாக் கதிர்கள் தரைக்கு மேல் 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. அவை பூமியின் காந்தப்புலத்தில் வளைந்து ஓடும்போது துடிப்பு பிறக்கிறது. அதன் முதற்கூறான இ1 சில நானோ விநாடிகளிலேயே உச்சத்தைத் தொடுவது. மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை போகலாம் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. சிப்புகளைக் கெடுப்பது இதுவே. இ2 ஏறத்தாழ மின்னலைப் போன்றது. இ3 விநாடிக் கணக்கிலிருந்து நிமிடக் கணக்கு வரை மெதுவாக நீள்வது. கையளவுக் கருவியை அது தீண்டுவதில்லை, ஆனால் நெடுந்தொலைவு ஓடும் மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டத்தை ஏற்றிப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. 1962 ஜூலை 9 அன்று பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, 400 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டு ஒன்றைச் சோதனைக்காக வெடித்தபோது, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக ஒலித்தன. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானுக்கு மேலே நடத்திய சோதனையில் 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசிக் கம்பி ஒன்று பாதிக்கப்பட்டு அதன் ஃபியூஸ்கள் எரிந்தன. இரண்டிலும் அடி வாங்கியது நீண்ட கம்பியோடு கட்டப்பட்டிருந்த பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் ஒன்று 37 கார்களைச் செயற்கைத் துடிப்புக்கு உட்படுத்தியபோதும், நிறுத்தி வைத்திருந்த கார்கள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மட்டும் சில, புலம் வலுத்தபோது நின்றன. கம்பி குட்டையாகவும் கருவி அணைந்தும் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது இவற்றிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

சூரியப் புயல் வேறு வகை. 1859 செப்டம்பரில் தந்திக் கம்பிகளைப் பாடாய்ப்படுத்திய புயலும், 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திய புயலும் இ3 வகையை மட்டுமே சேர்ந்த விளைவுகளைத் தந்தவை. அப்படிப்பட்ட புயலில் மேசைமேல் இருக்கும் கன்சோலுக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. அதற்காக எதையும் தகரப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் சூரியப் புயலால் லடாக்கின் ஹான்லே வரை வானம் சிவந்த இரவில் நம் வீட்டுக் கருவி எதுவும் கெடவில்லை. துருவப் பகுதியை விட்டு விலகி, தென்தமிழகத்தின் வழியாகவே போகும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் நாம் இருப்பது ஒரு சாதகம். அந்தக் கோட்டை நம்பித்தான் 1963 இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தார்கள். ஆனால் 2013 டிசம்பர் 31 முதல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பித்ததைப் போல இனித் தனித்து நிற்போம் என்று எண்ணுவதற்கில்லை.

ஆக, அணுகுண்டு, சூரியப் புயல், ஐப்பசி மழையோடு வரும் இடி ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், சிப்பை நேரடியாகக் கொல்வது மூன்றுக்கும் பொதுவன்று; மின்சாரம் நின்றுபோவதுதான் பொது. இந்த ஒரு செய்தியே ஒப்பீட்டின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

இனி வீட்டைப் பார்க்கலாம். சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை இரண்டாம் கட்டுக்கு வருவதில்லை என்பதால், செட்டிநாட்டு வீடே ஒரு காப்பறை என்று நம்புகிறவர்கள் உண்டு. வைஃபையின் அலைவெண் 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேல். இ1 துடிப்பின் ஆற்றலில் பெரும்பங்கு 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது. அலை நீளமாக ஆகச் சுவரின் தடை குறைகிறது. முற்றமோ வானத்தைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. அதைவிட முக்கியமானது வயரிங். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்படி நீண்டு கட்டப்பட்ட வீடுகளில், மீட்டர் பலகையிலிருந்து அடுப்படி வரை போகும் கம்பி நூறு அடியைத் தாண்டும். துடிப்புக்கு அது தயாராகக் கட்டி வைத்த ஏரியல். சிறிய புதிய வீட்டில் இருப்பவரைக் காட்டிலும் பெரிய வீட்டில் இருப்பவருக்கே, செருகியபடி விட்ட கருவி போகும் ஆபத்து அதிகம்.

முதல் வழியான பெட்டிக்கு வருவோம். மின்கடத்தும் உலோகத்தால் முழுவதும் சூழப்பட்ட இடத்துக்குள் வெளியிலுள்ள மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836 இல் செய்து காட்டினார். ‘முழுவதும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வீடுகளில் உள்ள தேக்குமரப் பெட்டகம் எவ்வளவு கனமாக இருந்தாலும் இதற்கு உதவாது. பழைய இரும்புப் பெட்டி உதவும். ஆனால் கதவைச் சுற்றியுள்ள நூலிழை இடுக்கு வழியாக உயர் அலைவெண்கள் உள்ளே கசியும். பிரஷர் குக்கரைப் பரிந்துரைப்பவர்கள் அதன் ரப்பர் கேஸ்கெட்டை மறந்துவிடுகிறார்கள். மூடியும் பாத்திரமும் ஒன்றையொன்று முறையாகத் தொடாமல் நடுவில் ஒரு வளையம் முழுக்க மின்கடத்தாப் பொருள் நிற்கிறது. இறுக்கமாக மூடும் எவர்சில்வர் சம்படமும் பிஸ்கட் டின்னும் சிறு பொருள்களுக்கு அதைவிட மேல்.

பெரிய பொருள்களுக்கு வழக்கமான தகர டிரங்குப் பெட்டி போதும், ஆனால் வாங்கியபடி அல்ல. மூடி வந்து உட்காரும் விளிம்பைச் சுற்றிலும், மூடியின் உட்பக்கத்திலும், பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும் வரை தேய்த்து எடுக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் உட்காரும் மூடி கண்ணுக்குத்தான் மூடியது, மின்புலத்துக்குத் திறந்தது. மூடிய பிறகு விளிம்பு முழுவதையும் அலுமினிய டேப்பால் ஒட்ட வேண்டும். பூட்டுத் துவாரத்தையும் கைப்பிடி ரிவிட் ஓட்டைகளையும் விடக்கூடாது. உள்ளே எல்லாப் பக்கமும் அட்டை வைத்து, கருவி எதுவும் தகரத்தைத் தொடாதபடி செய்ய வேண்டும். முதலில் துணியிலும் பிறகு அலுமினியத் தாளிலும் சுற்றி, அதன்பின் பெட்டியில் வைப்பது இரட்டைக் காப்பு. பெட்டிக்கு எர்த் கம்பி கொடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது தேவையில்லை, நீண்ட எர்த் கம்பியே ஏரியலாகிவிடும்.

சோதிப்பதற்குச் செல்போனை உள்ளே வைத்து அழைத்துப் பார்ப்பது பரவலான பழக்கம். மணி அடிக்காவிட்டால் நல்ல அறிகுறிதான். ஆனால் டவர் தொலைவில் இருக்கும் கிராமத்தில் ஓட்டைப் பெட்டியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பேட்டரியில் ஓடும் சிறிய பண்பலை ரேடியோவில் 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கொடைக்கானல் நிலையத்தைச் சத்தமாக வைத்து, பெட்டிக்குள் இட்டு மூடிக் கேட்பது இதைவிட நேர்மையான சோதனை, ஏனெனில் அது துடிப்பின் அலைவெண் எல்லையை ஒட்டியிருக்கிறது. பாட்டு தொடர்ந்து கேட்டால் விளிம்பை மறுபடியும் தேய்க்க வேண்டும். வெறும் இரைச்சல் மட்டும் கேட்டால் பெட்டி ஓரளவு வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

இந்த வழியின் செலவு குறைவு. உழைப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் போகாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியில் இருக்கும் வரை கருவியைப் பயன்படுத்த முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் வரும் துடிப்புக்கு முன் அதை உள்ளே வைக்கவும் முடியாது. ஆகவே பெட்டி என்பது எப்போதும் இரண்டாவது கருவிக்கு உரியது. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு பூட்டிய கணினிக்கு இரண்டாவது ஒன்று வாங்கி மூடி வைக்க எத்தனை பேரால் முடியும்?

அப்படியே முடிந்தாலும், இன்றைய விளையாட்டுகளில் பாதிக்கு மேல் கருவிக்குள் இல்லை, சர்வரில் இருக்கின்றன. நம் ஊர்ப் பையன்கள் மரத்தடியில் உட்கார்ந்து விளையாடும் பிஜிஎம்ஐ போன்ற இணையவழிச் சண்டை விளையாட்டுகள் செல்போன் நன்றாக இருந்தாலும் இணையம் நின்ற நொடியில் முடிந்தன. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கிய விளையாட்டுகளை இணையமில்லா முறையில் திறக்கலாம். அதற்கு முன்னதாக அந்தக் கணினியில் உள்நுழைந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்திருக்க வேண்டும், புதிய கணினிக்கு மாற்ற முடியாது. 2023 இறுதியில் வந்த பிளேஸ்டேஷன் 5 மாதிரியில் தனியாகக் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவை முதன்முறை இணைக்கும்போதே இணையம் கேட்கிறது. டிரைவைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியில் தனியாக வைத்தவர் வட்டத்தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜிஓஜி போன்ற இணையக் கடைகளில் பூட்டில்லாத நிறுவல் கோப்பாகக் கிடைக்கும் விளையாட்டுகளே இந்தக் கணக்கில் உண்மையான சொத்து. முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் பெட்டியை வாங்குமுன் தன்னிடம் உள்ளவற்றில் எவை இணையமின்றித் திறக்கும் என்று ரூட்டரை அணைத்துவிட்டு ஒரு மாலை முழுக்கச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

இரண்டாவது வழியில் கவர்ச்சி அதிகம், அதுவும் இந்த ஊரில். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கும் ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் நடுவே வால்வு ரேடியோக்கள் இன்னும் கிடைக்கின்றன. வால்வுகள் எனப்படும் வெற்றிடக் குழாய்கள் டிரான்சிஸ்டரைக் காட்டிலும் மின்னழுத்த வீச்சைப் பன்மடங்கு தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த ரேடியோ ஓடுவதற்கு 230 வோல்ட் மின்சாரம் வேண்டும். அது நின்றுபோன நாளுக்காகத்தானே வாங்குகிறோம். கடைக்காரர்களே இதை மறைப்பதில்லை. “வால்வு நல்லாத்தான் இருக்கும்ணே, கண்டென்சர் எல்லாம் போயிருக்கும், மாத்தித்தான் போடணும்” என்பது அங்கே சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. பழுதுபார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு அது இன்பம். மற்றவருக்கு அலங்காரப் பொருள்.

பழைய விளையாட்டுக் கருவிகளின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேமின் கேசட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு பச்சைப் பலகையும் அதன் நடுவில் கறுப்புப் பிசின் பொட்டும்தான் இருக்கும். அந்தப் பொட்டுக்கடியில் இருப்பது தயாரிக்கும்போதே தரவு நிலையாகப் பதிக்கப்பட்ட ரோம் சிப். மின்னூட்டம் வடிந்து மறந்துபோவது அதில் இல்லை. நின்டெண்டோ 1989 இல் வெளியிட்ட கேம்பாய் நான்கு பென்சில் பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடுவது. ‘9999 விளையாட்டு’ என்று திருவிழாக் கடைகளில் விற்ற பிரிக் கேம் அதைவிடக் குறைவாகவே தின்னும். கம்பி இல்லாத, சிறிய, அணைந்திருக்கும் பொருள்கள் என்பதால் இவை பெட்டியின்றியே பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. கேம்பாய் கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமிக்கும் பொத்தான் பேட்டரி மட்டும் துடிப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுகள் போனால் தீர்ந்துவிடும். சால்டரிங் தெரிந்தவர் மாற்றிக்கொள்ளலாம். டிவி கேமுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பதால், பழைய படக்குழாய்ப் பெட்டியின் மின்தேவையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கையடக்கக் கருவி கிடைத்தால் சரி; டிவியில் செருகும் பழைய கன்சோலைத் தேடி அலைவதில் பயனில்லை.

மூன்றாவது வழியின் பலம் எண்களில் தெரிகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக உள்ள 150 ஆம்பியர்-மணி இன்வெர்டர் பேட்டரியில், 12 வோல்ட் என்று கொண்டால், 1,800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி நீடிக்க வேண்டுமானால் பாதியை, அதாவது 900 வாட்-மணியை எடுக்கலாம். திரையோடு சேர்த்து 400 வாட் இழுக்கும் கேமிங் கணினியை அதில் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 40 வாட்-மணி பேட்டரி கொண்ட ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கணினியை அதே மின்சாரத்தில், இழப்புகளைக் கழித்தாலும், பதினைந்து முறைக்கு மேல் நிரப்பலாம். ராஸ்பெர்ரி பை கணினியும் ஒரு சிறு திரையும் சேர்ந்து 20 வாட் அளவில் நிற்கும். பழைய விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் அதில் ஓடும், புரோகிராம் எழுதவும் சென்சார் இணைக்கவும் முடியும். ஒரே பொருள் விளையாட்டுக்கும் மின்னணுப் பொழுதுபோக்குக்கும் உதவுவது இதில் மட்டும்தான்.

ஈய-அமில வகை இன்வெர்டர் பேட்டரி துடிப்பைத் தாங்கும், அதில் கெடுவதற்குச் சிப் இல்லை. சுவரில் செருகியே இருக்கும் இன்வெர்டர்தான் போகும். மாடியில் பொருத்திய சோலார் இருக்கிறதே என்று அமைதி கொள்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: மின்வாரியக் கம்பியோடு இணைந்த வகை சோலார், கம்பியில் மின்சாரம் இல்லையென்றால், லைன்மேனின் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வராதபோது, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் ஓடும் இடத்தைத் தேடிப் போனார்கள். அப்போது எல்லாருடைய போனும் நன்றாகத்தான் இருந்தது. இல்லாமல் போனது மின்சாரம் மட்டுமே.

அதனால்தான் பெட்டிக்குள் முதல் இடம் சார்ஜ் கன்ட்ரோலருக்கு என்றேன். 100 வாட் சோலார் பேனல் ஒன்று நம் வெயிலில் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாட்-மணி வரை தரும். பேனல் பெட்டிக்குள் அடங்காது. ஆனால் கம்பி எதுவும் இணைக்காமல் உள்ளறையில் சாய்த்து வைத்திருக்கும் பேனலின் செல்கள் தாங்கும் வாய்ப்பு அதிகம். அதன் பின்புறக் கறுப்புப் பெட்டியிலுள்ள பைபாஸ் டையோடுகள் என்ற சிறு உறுப்புகள்தான் பலவீனமான இடம். மாற்றுவதற்கு நாலைந்து டையோடுகளை உதிரியாக எடுத்து வைத்தால் போதும். கன்ட்ரோலரோ உள்ளங்கையளவுள்ள மின்னணுப் பலகை. அது இல்லாவிட்டால் பேனலையும் பேட்டரியையும் பாதுகாப்பாக இணைக்க முடியாது. 12 வோல்ட்டிலிருந்து யுஎஸ்பி தரும் சாதாரணக் கார் சார்ஜரையும் அதனோடு வைக்க வேண்டும். இன்வெர்டரே இல்லாமல் எல்லாக் கருவிகளையும் நிரப்பிக்கொள்ள அதுவே வழி. இவை இரண்டும் டையோடுகளும் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் அடங்கும். மின்வேதியியலுக்கென்று நேரு 1948 இல் அடிக்கல் நாட்டிய, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து எழுந்த ஆய்வகம் இருக்கும் ஊரில் பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; லித்தியம் பேட்டரியை முழுக்க நிரப்பியோ முழுக்க வடித்தோ மூடி வைக்காமல், பாதி அளவில், வெப்பம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

வெப்பம் என்றதும் விளையாட்டுக் கோப்புகள் நினைவுக்கு வருகின்றன. பென் டிரைவிலும் கணினியின் எஸ்எஸ்டி சேமிப்பகத்திலும் தரவு என்பது அடைபட்ட மின்னூட்டம். மின்சாரம் கொடுக்காமல் நெடுநாள் வைத்தால் அது வடியும், வெப்பம் கூடினால் வேகமாக வடியும். ஆயுள் முடியும் அளவுக்கு எழுதிப் பயன்படுத்திய எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே வீட்டுக் கணினி வகைக்குத் தொழில்துறை வைத்திருக்கும் அளவுகோல். சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வளவை ஒட்டிய உள்ளறைதான் சரியான இடம். கனத்த சுவர் துடிப்பை நிறுத்தாவிட்டாலும் வெயிலை நிறுத்தும். ஒரு பிரதியைப் பழைய வகை ஹார்ட் டிஸ்கிலும், மிக முக்கியமானவற்றை வட்டத்தகட்டிலும் வைத்தால் ஓரளவு அமைதி கொள்ளலாம். தகட்டைத் துடிப்பு ஒன்றும் செய்யாது, மழைக்காலத்துப் பூஞ்சைதான் செய்யும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைக்க வேண்டும்.

சால்டரிங் மேசை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். உதிரிச் சிப்புகளின் கால்கள் மிகக் குட்டையானவை என்பதால் அவை பெரும்பாலும் தப்பும். இருந்தாலும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பையில் இருப்பவற்றை வெள்ளிநிறப் பைக்கு மாற்றுவது நல்லது. முன்னது நிலைமின்னூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளும், புலத்தைத் தடுக்காது. முள் அசையும் பழைய மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். 12 வோல்ட்டில் சூடாகும் சால்டரிங் அயர்னும் வேண்டும், 230 வோல்ட் அயர்ன் அப்போது வெறும் கம்பி. அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர்கள் 5 வாட் சக்தியில் இயங்கும் சிறு டிரான்ஸ்சீவரை (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) அதே 12 வோல்ட் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஏரியலைப் பயன்படுத்தாத நேரத்தில் கழற்றி வைப்பது கட்டாயம். உரிமம் இல்லாதவர் சாதாரண ரேடியோவில் கேட்பதோடு நிற்கலாம்.

நான்காவது வழிக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பல்லாங்குழியும் தாயமும் மூன்று புலி பதினைந்து ஆடு கொண்ட ஆடுபுலியும் வீட்டுத் தரையிலேயே இருக்கின்றன; வளவுத் தாழ்வாரக் கல்லில் செதுக்கிய கட்டங்களைப் பல வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அவை எந்தத் துடிப்பையும் அறியா. ஆனால் மின்னணுவியலில் ஆர்வமுள்ள ஒருவரிடம் தாயம் ஆடச் சொல்வது அவர் கேட்ட கேள்விக்கு விடை அன்று. செலவில்லாத துணைவழியாக இருக்கட்டும். அதையே வழியாகக் கொள்வது பொழுதுபோக்கைக் காப்பது ஆகாது.

நான்கையும் எடைபோடும்போது, அன்றாடம் நடக்கும் தீங்குக்கும் எது உதவுகிறது என்பதை நான் முதல் அளவுகோலாக வைப்பேன். அணுகுண்டுத் துடிப்பு வாழ்நாளில் வராமலே போகலாம். ஐப்பசி இடி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, நியூட்ரல் அறுந்து மின்னழுத்தம் ஏறுவதும் புதிதன்று. அந்த வகையில் எல்லா வழிக்கும் முன்னதாகச் செய்யவேண்டியவை இரண்டு: மீட்டர் பலகையில், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் காப்பான் பொருத்துவதும், எர்த் குழியைப் பேணுவதும். நம் செம்மண் கோடையில் வறண்டு கல்லாகிவிடுவதால், உப்பும் கரியும் இட்ட குழியில் பங்குனி முதல் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். இ1 துடிப்பின் வேகத்துக்குச் சர்ஜ் காப்பான் ஈடுகொடுக்கும் என்று உறுதி கூற முடியாது. மின்னலுக்கு அது உதவும். மூன்றாவது வழியின் பேனலும் பேட்டரியும் சாதாரண மின்வெட்டு நாளிலும் வேலை செய்கின்றன. முதல் வழியின் பெட்டி, துடிப்பு வராவிட்டால், வெறுமனே கிடக்கிறது. இரண்டாவது வழி நேரம் உள்ளவருக்கு மட்டும்.

ஏற்கெனவே விலைமிக்க கணினி வைத்திருப்பவர் அதைக் காக்கப் பெட்டி தேடுவதை விட்டுவிட்டு, மழைக்காலத்தில் இரவு படுக்குமுன் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தைக் கைக்கொள்வதே போதும். இணையம் வரும் லேன் கம்பியையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். புதிதாகச் செலவழிக்க இருப்பவர் சம்படத்தில் கன்ட்ரோலர், கார் சார்ஜர், டையோடுகள் என்று தொடங்கி, அடுத்து ராஸ்பெர்ரி பையும் ஹார்ட் டிஸ்கும், பிறகு கையடக்கக் கருவி, கடைசியாக டிரங்குப் பெட்டி என்று போகலாம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் லித்தியம் பேட்டரி எதையும் அந்தப் பெட்டியில் விட்டுச் செல்லக்கூடாது. பென்சில் பேட்டரிகளையும் கருவிக்குள் விடாமல் வெளியே எடுத்துத் தனியே வைக்க வேண்டும், ஏனெனில் அவை ஒழுகினால் ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஊரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் பெட்டியைத் திறந்து, டிஸ்கைச் சுழலவிட்டு, லித்தியம் பேட்டரியைப் பாதிக்கு நிரப்பி, விளிம்பில் புதிய அலுமினிய டேப் ஒட்டி மூடலாம்.